முகமூடிக்குள் என் வீட்டுக்காரர்

அந்த உளவாளிப் படத்தை இரண்டு முறை பார்த்த பாவிகள் தமிழ்நாட்டிலேயே எங்கள் வடக்குத்துத் தெருவில்தான் இருப்பார்கள். ஆசைப்பட்டு அல்ல. அதில் ஒரு சண்டைக்காட்சியை நெய்வேலி சுரங்கத்து மண்மேட்டில் எடுத்தார்கள். படத்தில் அது ஏதோ வெளிநாட்டுப் பாலைவனம். வில்லனின் அடியாட்கள் ஐம்பது பேரில் ஒருவர், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நடித்தவர், வழக்கமான ஷிப்ட் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தும் சேர்ந்தார்.

படம் வெளியானதும் தெருவே திரண்டு தியேட்டருக்குப் போனோம். அடிதடியும் சிரிப்பும் கலந்த படம் என்றார்கள். அடிதடியைப் பார்த்தால் சிரிப்பு வந்தது, சிரிப்பு வசனத்தைக் கேட்டால் யாரையாவது அடிக்கத் தோன்றியது. ஒருவழியாகப் பாலைவனம் வந்தது. அடியாட்கள் அத்தனை பேருக்கும் கறுப்பு முகமூடி. ஹீரோ நாலு குத்து விட்டார், காட்சி முடிந்துவிட்டது.

"இதுல நீ எங்கப்பா நின்னுக்கினு இருந்த?" என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

என் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து மப்ளர் சுற்றிய எவர் தெருவில் போனாலும், "தோ, உன் வூட்டுக்காரர் வராரும்மா" என்று கேலி. புளுகன் என்று பேராகிவிட்டது. மனுஷன் டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அவரைவிட நான்தான் அதிகம் பீற்றியிருந்தேன்.

பிறகு படம் ஓடிடிக்கு வந்தது, வெட்டிய காட்சிகளையும் சேர்த்து. வெட்டியே அந்த லட்சணம். ஆனாலும் ஒரு ஞாயிறு மதியம் எதிர்வீட்டு அண்ணன் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து டிவியைப் போட்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியைத் துடைக்கிற சாக்கில் இருந்துகொண்டார்.

பாலைவனம். இன்னும் பத்து நிமிடத்தில் உலகம் அழியும் என்று ஹீரோ வசனம் பேசுகிறார். தூரத்தில் எங்கள் மைன்ஸில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதுகிறது. அதை யாரும் நீக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு முகமூடி மணிக்கட்டைப் பார்க்கிறது. துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைக்கிறது. பாறைக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்து, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, நடையைக் கட்டுகிறது.

ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். எதிர்வீட்டு அண்ணன் தரையில் உருண்டு சிரித்தார். "அவனேதான். வேற எவன் இப்பிடிப் போவான்?"

வாசலிலிருந்து அவரை இழுத்து வந்து காட்டினேன். "ஏங்க, சண்டை பாதியில இருக்குது, எங்க கிளம்பிட்டீங்க?"

கண்கொட்டாமல் பார்த்தவர் சொன்னார். "சங்கு ஊதிடுச்சே. பஸ்ஸ வுட்டா வூட்டுக்கு எப்பிடி வர்றது?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஏழெட்டு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகம் அழியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்த ஐம்பது பேரில் வீட்டுக்குக் கிளம்பியவர் என் ஆள் ஒருவர்தான்.