என் நேர்த்திகள் சொன்ன வருத்தம்

மண்டூர் முருகனை நம்பியிருக்கும் சகோதர சகோதரிகளே, களைப்போடுதான் இதை எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கலியாணமாகி வந்த முதல் மாரி மழையிலேயே எனக்கு நியூமோனியா. பத்து நாள் ஆசுப்பத்திரி வாட்டில் கிடந்து சுகமாகி வந்தேன். நான்கு மாதத்தில் திரும்பவும் வந்தது. பிறகு காதில் சீழ், பிறகு மறுபடி நியூமோனியா. ஒருமுறை ஊர் ஆசுப்பத்திரி, ஒருமுறை டவுன், ஒருமுறை தனியார் இடம். இப்படியே ஆறு வருடம் போனது. என் தையல் மெஷினில் தூசு ஏறியது. என் கணவர் வயல் வட்டையில் விதைப்பைப் பாதியில் விட்டுவிட்டு என் கட்டிலடியில் இருப்பார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கும். செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன்.

என் பிழையையும் மறைக்கக் கூடாது. நோயோடு வந்த காகிதம் வீட்டில் கிடந்தால் வருத்தமும் கிடக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. சுகமாகி வந்ததும், டொக்டர்மார் என் நோயை எழுதித் தந்த கிளினிக் கொப்பியை வேப்பிலையோடு அடுப்பில் போட்டுவிடுவேன். போகும் இடமெல்லாம் புதுக் கொப்பி. அதனால் என்னைப் பார்த்த டொக்டர்மாருக்கெல்லாம் நான் முதல்தரம் வந்த காய்ச்சல்காரிதான்.

போன மாரிக்கு முந்தின மாரியில் திரும்பவும் வாட். மூச்சு ஏறவில்லை. அந்த முறை, வழக்கம்போல முருகனுக்கு நேர்த்தி வைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. கண்ணை மூடி, வாய்விட்டே சொன்னேன்: "முருகா, நான் களைச்சுப் போனன். சுகம் தா எண்டு இனிக் கேக்க மாட்டன். இது என்னெண்டு மட்டும் சொல்லு."

மறுநாள் காலை புதிதாக வந்த டொக்டர் பிள்ளை ஒருத்தி, முன்பு எப்போதெல்லாம் இப்படி வந்தது என்று கேட்டாள். கொப்பி இல்லை என்றேன். ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். எனக்கு நேர்த்திகள்தான் ஞாபகம். முதல் நியூமோனியாவுக்குக் கற்பூரச்சட்டி எடுத்தேன். காதுக்குப் பாற்குடம். அடுத்ததற்குக் கோயில் வீதியில் அடிக்கொருதரம் விழுந்து கும்பிட்டு அடி அழித்தேன். எந்த வருடத் திருவிழா, எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே போனாள். தாள் நிறைந்தது. எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இத்தனை தரம் வந்திருக்கெண்டா பிழை நெஞ்சில இல்ல போல. இரத்தத்தைப் பாக்கோணும்."

இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வந்தது. கிருமியை எதிர்க்கும் பொருளை உண்டாக்க வேண்டிய செல்கள் என் உடம்பில் இருக்கின்றன, ஆனால் முற்றுவதில்லை என்று விளங்கப்படுத்தினாள். என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "கதிர் வந்தும் பதராப் போற மாதிரியா, டொக்டர்?" ஓம் என்றாள். நான் அழுதேன். ஆறு வருடத்தில் முதல்தரம் நிம்மதியாக அழுதேன்.

இது மாறாத வருத்தம். நாலு கிழமைக்கு ஒருமுறை, பிறர் கொடுத்த இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை நாள் முழுக்கப் படுத்தபடி ஏற்றுகிறார்கள். மருந்து வரப் பிந்தினால் பயந்துபோகிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு நியூமோனியா வரவில்லை. மெஷின் ஓடுகிறது.

காது கேளாத சாமி என்று நான் ஏசியதுண்டு. நான் எரித்ததையெல்லாம் அவன்தான் என் நெஞ்சில் எழுதி வைத்திருந்தான். உங்கள் வீட்டிலும் யாரேனும் ஓயாமல் வருத்தப்பட்டால் அவனிடம் கேளுங்கள், களைத்துப்போன வாயாலேயே கேளுங்கள். கொப்பியை மட்டும் எரிக்காதீர்கள். என்னுடையது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அட்டையெல்லாம் திருநீறு.