மாலியின் சிவப்புப் பாவாடை

மாலியைக் கொள்ளைக்காரன் பெண்டாட்டி என்று ஏசுகிற வாய்கள் எல்லாம் அவள் புருஷன் இத்தெல் கொண்டுவந்த உப்பைத் தின்ற வாய்கள்தாம். வேல்ஸ் கரையில், எங்கள் போர்த் கோக் ஊரில், இத்தெலின் பிரெஞ்சு உப்பில் ஊறாத பன்றிக்கறி எந்த வீட்டில் இருந்தது? பாதிரியார் குடித்த ஒயின் மட்டும் வானத்திலிருந்து குதித்ததாக்கும்!

இத்தெல் மீன் பிடித்தவன்தான். மீன் கைவிட்டதும் கொள்ளைக் கப்பலில் ஏறினான். அகப்பட்டால் தூக்கு. ஆகவே மாலி வேலியில் துணி காயப்போடுவாள். வெள்ளை விரிப்பு என்றால் கரைக்கு வரலாம். அவளுடைய சிவப்புக் கம்பளிப் பாவாடை என்றால் ராணி எலிசபெத்தின் ஆட்கள் வந்திருக்கிறார்கள், ஓடிவிடு.

அந்த வசந்தத்தில் மாலியின் மாமியார் இறந்தாள். சாவு வீட்டுத் துணியை அக்கம்பக்கத்தார்தான் துவைப்போம். மலைப்பக்கத்திலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த நெஸ்ட், செத்தவளின் விரிப்பை அலசி வேலியில் போட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்! சற்று நேரத்தில் சுங்க அதிகாரி சிப்பாய்களோடு வந்து மாலி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டான். எவரும் வெளியே போகக் கூடாதாம்.

நான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்த மாலிக்கு முகம் வெளிறியது. வேலியில் வெள்ளை, கடலில் இத்தெலின் கப்பல் பாய்.

"அந்த விரிப்ப யாருடி அங்க போட்டது?" என்றாள் மெதுவாக.

"நாந்தாங்க்கா. நல்ல காத்தா இருந்துச்சேன்னு..." என்றாள் நெஸ்ட்.

அதிகாரி சிரித்தான். "என்னம்மா, ஜன்னலயே பாத்துக்கிட்டிருக்க? ஆத்தா சாவுக்கு மவன் வருவானா?"

"பெத்தவளுக்கு மண்ணு போட வராம இருப்பாராய்யா? ஆனா அவருக்குச் சேதியே போவலியே. நான் போயி அத்தைகிட்ட உக்காருறேன்."

பிணம் கிடந்த உள்ளறைக்குப் போனாள். அங்கேயும் கடலைப் பார்த்த ஜன்னல் உண்டு. தன் துக்கக் கறுப்புத் துணிக்கு அடியில் கட்டியிருந்த சிவப்புப் பாவாடையை அவிழ்த்து, துடைப்பக் கட்டையில் மாட்டி வெளியே நீட்டிவிட்டாள். கடலில் அந்தப் பாய் திரும்பிப் போன பிறகுதான் சிப்பாய் பார்த்தான்.

"என்னடி பண்ற?"

"பாவாடை காயப் போடுறேங்கய்யா."

அறைந்து, இழுத்துக்கொண்டு போனார்கள், படுபாவிகள். மாமியாரை நாங்கள்தான் புதைத்தோம். மாலி ஒரு வருஷம் சிறையில் இருந்துவிட்டு இருமலோடு திரும்பி வந்தாள்.

அன்றிலிருந்து வேலியில் வெள்ளைதான். இத்தெல் வரவில்லை. வெள்ளையையும் சிவப்பையும் ஒன்றாகப் பார்த்தவன், இனி எந்த வெள்ளையை நம்புவான்?

"பிடிபட்டிருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பானுங்க. எங்கயோ நல்லா இருக்காரு," என்பாள் மாலி. "ஆத்தா இன்னும் உசுரோட இருக்கான்னுதான் நெனச்சிட்டிருப்பாரு, இல்லடி?"

நெஸ்ட் தண்ணீர் சுமந்து வந்து, காய்ந்துபோன விரிப்பையே மறுபடி நனைத்துப் போடுவாள்.