பம்பரக் குஞ்சுகள்

செஞ்சி கடைத்தெருவில் மனோரமா நடத்தும் அலங்கார மீன் கடையில் ஒரு தொட்டியிலும் பாசியைப் பார்க்க முடியாது. பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் சுத்தம் என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது. தம்பி நரேஷ் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் மீனின் காதை ஆராய்கிறான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வாள். அவனிடம் பேசும்போது மட்டும் வேறு மாதிரி.

“ஏன்டா, அவ்ளோ படிச்சது மீனுக்குக் காது கொடையறதுக்கா?”

“மீனு காதுக்குள்ள முடி முளைச்ச மாதிரி செல்லு இருக்குதுக்கா. சத்தத்தைச் சொல்றதும் அதான், சாயாம நீந்த வைக்கிறதும் அதான். நமக்கும் அப்படித்தான்.”

“அப்போ உனக்கு அது ரிப்பேரு. சாப்பிடக் கூப்ட்டா காதுலயே வாங்கறதில்ல.”

பொங்கலுக்கு வந்தவன், அவள் கடையில் ஒரு ஜோடி ஜீப்ரா மீனின் குஞ்சுகளில் சில பம்பரம் போலச் சுற்றுவதைப் பார்த்துவிட்டான். தாயும் தகப்பனும் நேராகத்தான் நீந்தின. இரண்டும் ஆளுக்கொரு பழுதான மரபணுவை வெளியே தெரியாமல் சுமந்தால், இரண்டு பழுதும் சேர்ந்து வாங்கிய குஞ்சு இப்படிச் சுற்றும் என்றான். அதே ஜோடியை மறுபடி முட்டையிட வைத்தான். ஏறக்குறைய நாலில் ஒன்று சுற்றினால், அந்த ஜோடியை வைத்துச் சொந்தமாக ஆய்வு செய்யலாம் என்று அவனுடைய ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் சொல்லியிருந்தார். அவன் காத்துக்கிடந்த வாய்ப்பு அது.

மேடம் வீடியோ காலில் பார்க்கப்போகிற அன்று, மனோரமா சீக்கிரமே கடை திறந்தாள். குஞ்சுகளில் சில சுற்றிக்கொண்டிருந்தன. சீக்கு மீனை என்ன செய்வாளோ அதையே செய்தாள்: ஸ்பூனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஃபைட்டர் மீனுக்குப் போட்டாள்.

நரேஷ் போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தான். எல்லாம் ஒழுங்காக நீந்தின. அவன் முகம் செத்துப்போனது.

“இன்னாடா அப்படிப் பாக்கற? சுத்துனதையெல்லாம் நான்தான் பொறுக்கிட்டேன். பெரிய மேடம் பாக்கற எடத்துல சீக்கு மீனையா காட்டுவாங்க?”

“ஐயோ அக்கா! அதைத்தான் காட்டணும்!”

போனுக்குள் மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். அதே ஜோடியை இன்னொரு முறை முட்டையிட வைக்க, நரேஷ் பஸ் டிக்கெட்டை ரத்து செய்தான்.

“லீவு போட ஒரு சாக்கு கிடைச்சிடுச்சி” என்று அக்கா முணுமுணுத்தாள். அன்றைக்கு மீன் குழம்பு வைக்கவில்லை. அவனுக்குப் பிடித்த கருணைக்கிழங்கு வறுவல் செய்தாள்.

அடுத்த குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் மேடம் மறுபடி போனில் வந்தார். நரேஷ் சொன்னபடி மனோரமா கண்ணாடியைத் தட்டினாள். குஞ்சுகள் விருட்டென்று சிதறின. சில மட்டும் எதுவும் கேட்காததுபோல இருந்த இடத்திலேயே சுற்றின. அவன் எண்ணினான். அவனை நம்பாமல் அவளும் எண்ணினாள். ஏறக்குறைய நாலில் ஒன்று.

“ஜோடியைக் கொண்டு வா நரேஷ்” என்றார் மேடம்.

மனோரமா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மேடம், இது போதுங்களா? இதவிட நல்லா சுத்தறதா வேணும்னா சொல்லுங்க, நானே பாத்துப் பொறுக்கி அனுப்பறேன்!”