கார் ஓடினால்தான் பேச்சு

என் பிள்ளை எனக்குப் போன் பண்ணுவது கார் ஓட்டும்போது மட்டும்தான். இதை யாரிடமும் நான் குறையாகச் சொன்னதில்லை. சொல்லப்போனால் கொஞ்ச நாள் அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை அவனுக்கு. சாயங்காலம் ஆபீஸை விட்டுக் கிளம்பி வீடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வண்டியைக் கிளப்பினதும் என் நம்பரைத்தான் தட்டுவான். "அம்மா, கிளம்பிட்டேன். ஏதாவது பேசும்மா" என்பான்.

ஏதாவது பேசு என்று என்னிடம் கேட்க வேறு யார் இருந்தார்கள்? வீட்டுக்காரர் நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டுகிற பெரிய மெஷினில் ஆபரேட்டர். ஷிப்டு மாறி மாறி வரும். ஷிப்டு முடிந்து வந்தால் தூக்கம், தூங்கி எழுந்தால் பேப்பர். மனுஷன் தங்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு விடிந்துவிடும். பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் ரிட்டயராகி, சாவியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு மதுரைப் பக்கம் போய்விட்டார்கள். அந்த வீடு பூட்டியே கிடந்தது. எதிர் வரிசைப் பிள்ளைகள் எல்லாம் இன்ஜினியர் ஆகி, ஆளுக்கொரு ஊரில். சாயங்காலம் தெருவில் ஒரு பந்து உருளாது. ரோடு மட்டும் அகலமாக, இரண்டு பக்கமும் மரமாக, பார்க்க அவ்வளவு அழகு. யாருக்கு? மயில் நடந்து போவதற்கு.

ஆகையால் அந்தப் போன் எனக்கு ஒரு நாளின் பாதி. காலையிலிருந்தே சேர்த்து வைப்பேன். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் கத்தரிக்காய்க்காரியிடம் போட்ட சண்டை, தண்ணீர் வராதது, அவன் கூடப் படித்தவனுக்குக் கல்யாணம். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். பிறகு அவனும் சொல்வான். குழந்தை தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறது என்பான். "பொண்டாட்டிகிட்ட காலையில கத்திட்டேம்மா, என்மேல எனக்கே வெறுப்பா இருக்கு" என்பான். சின்ன வயசிலிருந்து அழுத்தக்காரன். முகத்தைப் பார்த்து இதில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டான். கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, என்னிடம் கொட்டிவிடுவான்.

அந்த ரோடு முழுக்க எனக்குக் காதாலேயே பழக்கம். ஹாரன் சத்தம் ஒரே இரைச்சலாக வந்தால் சிக்னல். சத்தம் அடங்கிக் காற்று மட்டும் வந்தால் மேம்பாலத்தில் ஏறிவிட்டான். சட்டென்று எல்லாம் நின்று எதிரொலி வந்தால் அபார்ட்மென்ட் கீழே கார் நிறுத்துகிற இடம். "சரிம்மா, வந்துட்டேன், வைக்கிறேன்" என்பான். அந்த எதிரொலியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

பயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒருநாள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் "அய்யோ" என்றான். டயர் தேய்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. "டேய், டேய்" என்று கத்துகிறேன், பதில் இல்லை. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, நாய் குறுக்க வந்துருச்சு" என்றான். "வையிடா போனை" என்றேன். "ஸ்பீக்கர்லதான்மா பேசுறேன், கையில போன் இல்லை" என்றான். சரி, கையில் இல்லையே என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் அதே நேரம் போன் அடித்தது. எடுத்தேன். எடுக்காமல் இருந்துவிடுவேனா?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. வருஷா வருஷம் வரும். சுரங்கத்தில் உறுதிமொழி எடுப்பார்கள், பேனர் கட்டுவார்கள். வீட்டில் இருக்கிற பெண்களையும் சும்மா விடமாட்டார்கள். எங்களுக்கு வாசகப் போட்டி, கோலப் போட்டி, கடைசி நாள் பட்டிமன்றம். இரண்டு தெரு தள்ளி ஒரு தங்கச்சி இருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை, பழக்கம்தான். நெல்லிக்குப்பத்துக்காரி. லேடீஸ் கிளப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள். அவள்தான் என் பேரைக் கொடுத்துவிட்டாள்.

"வண்டி ஓட்டும்போது செல்போன்: தடை போட்டுத் தடுக்க வேண்டுமா, மனிதர் தாமே திருந்த வேண்டுமா?" இதுதான் தலைப்பு. தடை வேண்டும் என்கிற அணிக்கு அடிதடி. அதில்தானே கைதட்டல் வரும்! தடையால் ஆகாது என்கிற பக்கம் பேச ஆளே கிடைக்கவில்லை. "யக்கா, நீதான் வாயாடி, ஒன்னால முடியும்" என்று அவள் என்னை அங்கே தள்ளிவிட்டு, தான் தடை அணியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் போனேன். மேடையில் ஏறினதும் எல்லாம் பறந்துவிட்டது. வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"வண்டி ஓட்டும்போது போன் பேசாதேன்னு எதிரணியில சொல்றாங்க. ரொம்பச் சரி. ஓட்டாதப்போ பேசுறானுங்களான்னு கேளுங்க!"

சிரிப்பு அள்ளியது. கைதட்டினார்கள். கைதட்டல் பொல்லாதது, ஆளைத் தள்ளிவிடும். மேலே போனேன்.

"நம்ம பிள்ளைங்களுக்கு ஆபீஸ்ல நேரம் இல்லை. வீட்டுல நேரம் இல்லை. கார்ல உட்கார்ந்தா மட்டும்தான் அம்மா ஞாபகம் வருது. எம்பிள்ளை தினம் சாயங்காலம் கார் ஓட்டிக்கிட்டேதான் எங்கிட்ட பேசுறான். நான் ஒரு நாளைக்கு வாய் திறந்து பேசுறது அந்த ஒரு மணி நேரம்தான். அதைத் தடை பண்ணிட்டு எனக்கு என்ன குடுக்கப் போறீங்க? ஹாட் பாக்ஸா?"

ஹாட் பாக்ஸ்தான் அன்றைய பரிசு, மேஜைமேல் அடுக்கியிருந்தது. பின்னால் இருந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். முன் வரிசையில் என் வயசுப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. குனிந்து புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரமாக, முதல் ஷிப்டு முடித்து நேரே வந்திருந்த என் வீட்டுக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார். பிள்ளை ஓட்டிக்கொண்டே பேசுவது அவருக்கு அதுவரை தெரியாது. ஆபீஸ் முடிந்து எங்கேயோ உட்கார்ந்து பேசுகிறான் என்றுதான் நினைத்திருந்தார்.

தீர்ப்பு தடை அணிக்குத்தான். நடுவர் ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார். "அந்தத் தாய்க்கே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லையே, பிறகு சட்டம் இல்லாமல் எப்படி?" என்று என்னைக் காட்டியே முடித்தார். வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். உனக்கென்னய்யா, உன் பிள்ளை உன்கூட இருக்கிறான், என்று கேட்டிருப்பேன். மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

டீ கொடுக்கும் இடத்தில் நெல்லிக்குப்பத்துத் தங்கச்சி வந்து என் கையைப் பிடித்தாள். "நீ பேசினது என் கதையேதான் யக்கா. எம்பொண்ணும் ஸ்கூட்டியில போவும்போதுதான் பேசுது, காதுல மாட்டிகினு. வூட்டுக்குப் போயிட்டா மாமியா இருக்காங்க இல்ல."

"அடிப்பாவி, நீ தடை போடணும்னு இல்ல முழங்கின?"

"போடணுந்தான்" என்றாள். இரண்டு பேரும் டீயைக் குடித்தோம்.

வீட்டுக்காரர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தனை நாளா நடக்குது இது?" என்றார்.

"ஸ்பீக்கர்லதான் பேசுறான். கையில போன் இல்லை. நல்லாத்தான் ஓட்டுறான்."

"கை ஸ்டியரிங்லதான் இருக்கும். கவனம் இங்க நெய்வேலிக்கு வந்துருமே" என்றார். "மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி நாங்க போனை லாக்கர்ல வச்சுட்டுத்தான் ஏறுறோம். எதுக்கு? வீட்டுல இருந்து ஒரு வார்த்தை வந்தாக்கூட மனசு மாறிடும்னுதான்." பிறகு, "பேச ஆள் இல்லைன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா பேசிக் கிழிச்சிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொல்லைக்குப் போய் முருங்கைக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். முருங்கைக்கு யாராவது அவ்வளவு தண்ணீர் விடுவார்களா?

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. எடுத்ததும், "வண்டியை ஓரமா நிறுத்து" என்றேன்.

"இங்க நிறுத்த முடியாதும்மா, பின்னாடி வர்றவன் திட்டுவான்."

"அப்ப வை. இனிமே ஓட்டும்போது எனக்குப் பண்ணாதே. வீட்டுக்குப் போய்ப் பண்ணு."

ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. முடியாது என்று அவன் மல்லுக்கு நிற்பான் என்று எதிர்பார்த்தேன், மறைத்து என்ன? "சரிம்மா" என்றான். வாழ்நாளில் என் பேச்சைக் கேட்காத பிள்ளை, அன்றைக்குப் பார்த்தா கேட்டுத் தொலைக்க வேண்டும்!

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை பண்ணுவான்.

"சாப்டியாம்மா?"

"சாப்ட்டேன். நீ?"

"ம். அப்பா?"

"தூங்குறாரு."

"மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு."

"அப்புறம்?"

"நீதான் சொல்லணும்."

பின்னால் டிவி ஓடும். குழந்தை ஏதோ கேட்கும். வைத்துவிடுவான். அவனுக்கு நேரம் இல்லாததுதான் குறை என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது நேரம் இருந்தது, சோபா இருந்தது, பேச்சைத்தான் காணோம். சாயங்காலம் அந்த நேரம் வந்தால் போன் பிரிட்ஜ்மேல் கிடக்கும், நான் சுற்றிச் சுற்றி வருவேன். வீட்டுக்காரர் பாவம், ஷிப்டு இல்லாத நாளில் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்புறம், இன்னைக்கு என்ன சமையல்?" என்பார். "நீங்கதானே சாப்ட்டீங்க!" என்பேன். அதற்குமேல் அவருக்கும் வழி தெரியாது.

தடை வேண்டுமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். கட்டாயம் வேண்டும், யார் பெற்ற பிள்ளையோ ரோட்டில் நடந்து போகிறது. ஆனால் தடை போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது என்னிடம் வந்து சொல்லட்டும், பேசிக்கொள்கிறேன். உயிருக்குப் பயந்து அந்த ஒரு மணி நேரத்தை நானே என் கையால் மூடினேன். வீட்டில் தனியாக நான் அழுததெல்லாம் யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்தான். ஆள் இளைத்திருந்தான். கேட்டால், "டயட்டும்மா" என்றான். மருமகளும் குழந்தையும் என்னோடு நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் சோபாவில் உட்கார்ந்து எதையோ வெறித்துக்கொண்டிருந்தான். கரும்பு வெட்டிக் கொடுத்தேன், தின்றான். இரண்டு நாள் அப்படியே போயிற்று. காணும் பொங்கல் அன்று தேங்காய் தீர்ந்துவிட்டது. மந்தாரக்குப்பம் போய் வரலாம் என்று கூப்பிட்டேன். மற்றவர்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவனும் மட்டும் கிளம்பினோம்.

ஏறினதும் போனை அணைத்துப் பின் சீட்டில் போட்டான். "நீதானே சொன்ன" என்றான். கேலியா, கோபமா என்று தெரியவில்லை. டவுன்ஷிப் ரோடு காலியாகக் கிடந்தது. மெதுவாகத்தான் ஓட்டினான். கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறி, கியர் மாற்றி, வண்டி சீராக ஓட ஆரம்பித்ததும், என் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"அம்மா, எனக்கு வேலை போயிரும்மா."

"என்னடா சொல்ற?"

"ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. அங்க யாரும் அப்பா மாதிரி பர்மனென்ட் இல்லம்மா."

"எப்போ சொன்னாங்க?"

"தீபாவளிக்கு முன்னாடியே ஜாடையா சொல்லிட்டாங்க. அவகிட்ட இன்னும் சொல்லலை. வீட்டுல உட்கார்ந்து வாயைத் திறந்தா வரமாட்டேங்குது. தினம் சாயங்காலம் கார்ல தனியா சத்தமா சொல்லிப் பார்ப்பேன், உங்கிட்ட சொல்ற மாதிரி."

நான் பிரிட்ஜைச் சுற்றி வந்த அதே நேரம், அதே ஒரு மணி நேரம். நான் மட்டும்தான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பாவி! அவன் சொல்லிக்கொண்டே போனான். வீட்டுக் கடன், குழந்தையின் பள்ளிக்கூடம், ராத்திரி தூக்கம் வராதது. பழையபடி கொட்டினான். கண் மட்டும் ரோட்டை விட்டு விலகவில்லை.

தேங்காய்க்கடை வந்துவிட்டது. இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டப் போனான். பேச்சின் வேகம் குறைந்தது, எனக்கு அது கேட்டது.

"நிறுத்தாதே" என்றேன்.

"கடைம்மா."

"கடை இருக்கட்டும். விருத்தாசலம் ரோட்டுல நேரா போ. ரோட்டைப் பார்த்து ஓட்டு, நான் கேட்டுக்கிட்டே வர்றேன்."