பலூன் நாயும் அம்மாவின் ஊக்கும்

எழுபதுகளில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, தீபாவளிக்குப் பாவாடை எடுக்க அம்மா என்னைத் தி.நகர் ஜவுளிக்கடைக்கு அழைத்துப்போனாள். வாசலில் ஒருவர் நீளப் பலூனை ஊதி, கீச்சுகீச்சென்று முறுக்கி, நாய் செய்து குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது.

எந்தப் பாவாடையும் அம்மாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. வெறுங்கையோடு கிளம்பினோம்.

"ஏலே, அந்த நாயைப் புடுங்குலே! துணி எடுக்கவங்களுக்குத்தான் பலூன்" என்று கல்லாவிலிருந்த முதலாளி பலூன்காரரை அதட்டினார்.

"இன்னாய்யா, காத்துக்குமா பில்லு போடுவே?" என்று அம்மா அவரிடம் எகிறினாள்.

அம்மா தன் ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி என் நாயைக் குத்தினாள். டப்பென்று வெடித்தது. கிழிந்த ரப்பரையும் ஊக்கையும் சேர்த்து முதலாளியின் முகத்தில் விட்டெறிந்தாள்.

"இந்தா, நீயே வெச்சுக்கோ!"

எங்கள் நொச்சிக்குப்பம் வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன். முதலாளி மேல் வராத கோபமெல்லாம் அவள் மேல் வந்தது. அவளோ ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நடந்தாள்.

வீட்டுக்குள் வந்து அந்தக் கையை எடுத்தபோதுதான் பார்த்தேன். ரவிக்கையில் ஒரு கொக்கிகூட இல்லை. அதை மூடிப் பிடித்திருந்தது அந்த ஒரே ஊக்குதான்.

அந்த முதலாளியை நான் மன்னிக்கவே இல்லை. இன்றும் எங்காவது பலூன் முறுக்கும் கீச்சுச் சத்தம் கேட்டால், என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.