கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து

என் தோழிக்குப் பார்வை குறைவு. வெள்ளைத் தாளில் அச்சான கறுப்பு எழுத்து அவளுக்கு வெயிலில் ஊரும் எறும்புக் கூட்டம். கறுப்பின் மேல் வெள்ளையாக, பெரிதாக இருந்தால் தங்குதடையின்றிப் படிப்பாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வதும், கருத்தரங்க நாளில் அவளுக்காக நானே எழுந்து வாசிப்பதும் முதுகலை வகுப்பில் எங்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. இடையிடையே ஒரு வரியை விட்டுவிடுவேன்; அதைவிடப் பெரிய குறை என் குரல்.

“நீ வாசிச்சா பின் பெஞ்சுக்கு உன் உதடு அசையுறது மட்டும்தாம்ட்டி தெரியும். நான் எழுதுனது என்ன, ஊமைப்படமா?” என்பாள்.

கடைசிப் பருவத்தின் கடைசிக் கட்டுரையைத் தானே வாசிப்பது என்று அவள் முடிவு செய்தபோது நான் மகிழ்ந்தேன். கொஞ்சம் ஆறுதலும் அடைந்தேன். கைப்பேசி உதவவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு சொற்களே நின்றன. வாக்கியத்தின் வால் வருவதற்குள் தலை மறந்துபோனது. துறை ஆய்வகத்தில் இருந்த பழைய கணினிதான் ஒரே வழி. அகலமான திரை. ஆனால் அதிலிருந்த குறிப்புச் செயலியில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானே கிடையாது. எழுத்துரு, அளவு, நிறம் மூன்றையும் அது நாமே தனியாக எழுதிவைக்கும் ஓர் அமைப்புக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன்.

கருத்தரங்கிற்கு முந்தைய நாள் பிற்பகல் அந்தக் கோப்பை உருவாக்க உட்கார்ந்தோம். திருவேங்கடம் போகும் எங்கள் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, அதன் கீழ் தமிழ் எழுத்துருவின் பெயரும் அளவும், அதற்கும் கீழ் கறுப்புப் பின்னணி தரும் ‘தீமின்’ பெயர். அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் இருமுறை சரிபார்த்துச் சேமித்தேன். செயலியில் கட்டுரையைத் திறந்தோம்.

அதே வெள்ளைத் திரை. அதே எறும்புகள்.

எழுத்துரு கணினியில் இல்லையோ என்று தேடினேன், இருந்தது. அளவைக் கூட்டினேன். வேறொரு தீமின் பெயரைக் கொடுத்தேன். கணினியை அணைத்து எழுப்பினேன். கோப்பு தவறான இடத்தில் இருக்கிறதோ என்று பார்த்தேன். உரிய இடத்தில்தான் இருந்தது. சாவிக்கொத்தோடு வந்து நின்ற ஆய்வக அண்ணாச்சி, “மானிட்டரப் பின்னால ரெண்டு தட்டு தட்டிப் பாரு மக்கா” என்றார்.

“அண்ணாச்சி, அது என்ன தேங்காயா?” என்றாள் தோழி.

“எங்க வீட்டு டிவிக்கு அதான் வைத்தியம். கேக்காட்டா போங்க. கொஞ்ச நேரத்துல நான் பூட்டுதேன்.”

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரிவரலன்னா விடுட்டி. நாளைக்கும் நீயே வாசி. உதட்டையாவது நல்லா அசை” என்றாள். கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் அவள் விரல்கள் துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

இறுதியாக, செயலியை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ‘டெர்மினல்’ திரையிலிருந்து திறந்து பார்த்தேன். அப்படித் திறந்தால் அது தன் முறையீடுகளையெல்லாம் அங்கே கொட்டிவிடும் என்று படித்திருந்தேன். ஒரே ஒரு முறையீடுதான் இருந்தது: கோப்பின் முதல் வரி தலைப்பும் அல்ல, அமைப்பும் அல்ல, குறிப்பும் அல்ல; ஆகவே கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியின் நடுவே, மேற்கோள் குறிகளுக்குள், ஒற்றைத் தமிழ் எழுத்து.

உ.

விடைத்தாளாயினும் மளிகைச் சீட்டாயினும் எங்கள் இருவருக்கும் முதல் வரி பிள்ளையார் சுழிக்குரியது. அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்யத் தொடங்கும்போது, “சுழி போட்டியாட்டி?” என்று அவள் கேட்டதும், “போட்டாச்சு” என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. விக்கினம் தீர்க்க வந்தவரே வாசலில் உட்கார்ந்து வழியை அடைத்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். அழிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, எடுக்காத! மொத மொத நான் வாசிக்கப் போறேன், அதுக்குப் புள்ளையார வெளிய தள்ளுதியா?”

“அவர் உள்ள இருந்தா கோப்பு ஓடாது.”

“ஓடுற மாதிரி உக்கார வையி. நீதான படிச்சவ.”

“நீ மட்டும் படிக்காதவளா?” என்றேன். ஆனாலும் யோசித்தேன். முறையீட்டின் வாசகத்திலேயே விடை இருந்தது: ‘குறிப்பும் அல்ல’. கட்டங்கட்டமாக இருக்கும் அந்த ‘ஹேஷ்’ (#) குறியோடு தொடங்கும் வரியைக் கணினி வெறும் குறிப்பாகக் கொண்டு தாண்டிச் சென்றுவிடும். ‘உ’வுக்கு முன்னால் அதை ஒன்று இட்டேன். சேமித்தேன். திறந்தேன்.

திரை இருண்டது. அதன்மேல் அவளுடைய கட்டுரை, விரற்கடை உயரத்தில், வெள்ளையாக எழுந்து நின்றது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பத்தியை உரக்கப் படித்தாள். பூட்ட வந்த அண்ணாச்சி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார். “தட்டாமலே சரியாயிட்டே” என்று மட்டும் வருத்தப்பட்டார்.

மறுநாள் அந்தக் கணினியை வகுப்பு மேசையில் அவள் முன் வைத்துவிட்டு, நான் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் குரல் அங்கு வரை வந்தது. வெளியே நடைபாதை வரைக்கும் போயிருக்கும். நடுவில் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவி, தடுமாறி, “மன்னிக்கணும், ஒரு வரி மேல போறேன்” என்று தானே திருத்திக்கொண்டு தொடர்ந்தாள்.

பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது, “நல்லா வாசிச்ச. அந்த ஒரு இடம் மட்டும்தான்” என்றேன்.

“அதச் சொல்லாதட்டி,” என்றாள், முகம் கொள்ளாத சிரிப்போடு. “இத்தன நாளா நீ விட்ட வரிக்கெல்லாம் நான் முழிச்சேன். இன்னைக்கு விட்டது, நானே வாசிச்சு நானே விட்ட வரி.”