துருக்கி விலை

நீடாமங்கலம் போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் நெல் கொள்முதல் நிலைய ஊழியர். சட்டைப்பையிலிருந்து ஒவ்வொரு நெல்லாக எடுத்துக் கடித்து, காய்ந்திருக்கிறதா என்று பார்த்துத் துப்பிக்கொண்டே வந்தார். அவர் கேட்காமலேயே என் சாமர்த்தியத்தை அளந்துவிட்டேன். ஆன்லைன் கடையில் துருக்கிக்காரன் என்று பதிந்துகொண்டு, ஒரு வீடியோ கேமை மலிவென்று அந்த நாட்டு விலைக்கு வாங்கியிருந்தேன்.

"வெளியூர் நெல்ல நம்மூர் நிலத்துச் சிட்டாவக் காட்டிப் போடுறவங்க எங்ககிட்டயும் வருவாங்க சார். லாபம் இல்லாம செய்ய மாட்டாங்க. இதுக்கு நம்மூர் விலை எவ்வளவுங்க?"

அதை மட்டும் நான் பார்க்கவே இல்லை. போனில் தேடினேன். இங்கே இருநூறு ரூபாய் குறைவு.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு நெல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். காயாத மூட்டையைத் திருப்பி அனுப்பும்போதும் அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது.